ஜப்பானியரின் ஒழுங்கு: பிறவிக் குணமா, பயிற்சியின் பயனா?

2022 ஆம் ஆண்டு நவம்பரில், கட்டாரில் நடைபெற்ற உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியில் ஜப்பானிய அணி ஜேர்மனியை வென்றபோது, அவ்வெற்றியைப் போலவே மற்றொரு காட்சியும் உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆட்டம் முடிந்ததும் ஜப்பானிய இரசிகர்கள் பைகளை எடுத்துப் பார்வையாளர் அரங்கில் கிடந்த குப்பைகளைச் சேகரித்தனர். வீரர்களும் தமது உடைமாற்றும் அறையைத் துப்புரவாக்கி, காகிதத்தால் மடித்த கொக்குகளையும் நன்றிக் குறிப்பொன்றையும் வைத்துச் சென்றனர். 2018 இல் ரஷ்யாவில், பெல்ஜியத்துக்கு எதிராக 2 இற்கு 0 என முன்னணியில் இருந்து இறுதியில் 3 இற்கு 2 எனத் தோற்ற இரவிலும் இவ்வணி தனது அறையைத் துப்புரவாக்கியே வெளியேறியது.

இத்தகைய காட்சிகளைக் காணும்போதெல்லாம், "ஜப்பானியர் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள், எம்மவர்க்கு அது வராது" என்று கூறிப் பெருமூச்சு விடுவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. இக்கூற்றில் இரண்டு தவறுகள் உள்ளன. பயிற்சியினால் வந்த ஒன்றைப் பிறவிக் குணம் எனக் கொள்வது முதலாவது தவறு. அந்த ஒழுங்குக்காக அச்சமூகம் செலுத்திவரும் விலையைக் காணாது விடுவது இரண்டாவது தவறு.

தொலைவிலிருந்து வியப்பவர்களுக்கு இத்தவறுகளால் பெரிய நட்டம் ஏற்பட்டுவிடாது. ஆனால், தொழில் தேடி ஜப்பானுக்குச் செல்லும் எமது இளைஞர்களின் நிலை அவ்வாறானதல்ல. 2019 ஏப்ரலில் ஜப்பான் குறிப்பிட்ட திறன் கொண்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென ஒரு புதிய விசா முறையை ஆரம்பித்தது. அதே ஆண்டு ஜூனில் இலங்கை அரசாங்கம் அது தொடர்பான ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டட நிர்மாணம், உணவகச் சேவை போன்ற துறைகளில் பணியாற்றச் செல்பவர்கள் மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். சமூக வழக்கங்களுக்கு அவ்வாறான பரீட்சை எதுவுமில்லை. ஆயினும் அவர்கள் நாள்தோறும் எதிர்கொள்வது அந்தப் பரீட்சையைத்தான்.

உருவாக்கப்பட்ட ஒழுங்கு

இன்று ஜப்பானியப் பண்பாடு என நாம் வியந்து நோக்கும் பல நடைமுறைகள் திட்டமிட்டு உருவாக்கப்பட்டவை என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உள்ளன. 1868 இல் மெய்ஜி ஆட்சி ஏற்பட்டதன் பின்னர், மேற்கு நாட்டவரின் பார்வையில் தமது நாடு நாகரிகமற்றதாகத் தோன்றிவிடக் கூடாது எனப் புதிய அரசு அஞ்சியது. 1872 இல் டோக்கியோவில் பிறப்பிக்கப்பட்ட சிறுகுற்றக் கட்டளைகள், வீதியில் உடலை மறைக்காது நடமாடுவதையும், ஆண்களும் பெண்களும் ஒரே பொதுக் குளியலறையில் நீராடுவதையும், மலசலகூடமல்லாத இடத்தில் சிறுநீர் கழிப்பதையும் தண்டனைக்குரியவையாக்கின. அவை அன்றாட வழக்கங்களாக இருந்தமையினாலேயே தடை தேவைப்பட்டது.

வீதித் துப்புரவும் அவ்வாறானதே. 1964 ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிகளுக்கு முன்னர் டோக்கியோ நகரம் குப்பைகளுக்குப் பேர்போனதாகவே இருந்தது. உலகத்தவர் வருவதற்குள் தலைநகரைத் துப்புரவாக்க நகர நிர்வாகம் பெரும் இயக்கமொன்றை முன்னெடுக்க வேண்டியிருந்தது. 1974 முதல் டோக்கியோவின் சுரங்கப் புகையிரத நிலையங்களில், இருக்கையில் கால்களைப் பரப்பி அமராதீர், குடையை மறந்து செல்லாதீர் என்றவாறு நல்லொழுக்கம் போதிக்கும் சுவரொட்டிகள் தொடர்ந்து ஒட்டப்பட்டன. 2002 இல் டோக்கியோவின் சியோதா பிரிவு, நடைபாதையில் புகைப்பவர்களுக்குத் தண்டப்பணம் விதிக்கும் விதியைக் கொண்டுவந்தது. சொல்லியும் கேளாதவர்கள் அங்கும் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஜப்பானிய வீதிகளில் குப்பைத் தொட்டிகளைக் காண்பது அரிது. 1995 மார்ச் 20 ஆம் திகதி டோக்கியோ சுரங்கப் புகையிரதங்களில் சரின் நச்சுவாயுத் தாக்குதல் நடத்தப்பட்டதை அடுத்து, பாதுகாப்புக் கருதிப் பொது இடங்களிலிருந்த தொட்டிகள் பெருமளவில் அகற்றப்பட்டமை இதற்கு முக்கிய காரணமாகும். தொட்டி இல்லாத நகரத்தில் மக்கள் குப்பையைத் தமது பையில் இட்டு வீட்டுக்குக் கொண்டுசெல்கின்றனர். அவ்வாறு செய்ய அவர்களைப் பழக்கியது பாடசாலை.

ஜப்பானிய ஆரம்பப் பாடசாலைகளில் வகுப்பறை, நடைவழி, மலசலகூடம் என்பவற்றை மாணவர்களே நாள்தோறும் துப்புரவு செய்கின்றனர். மதிய உணவையும் முறைவைத்து மாணவர்களே பரிமாறுகின்றனர். மருத்துவரின் பிள்ளையும் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே தரையைத் துடைக்கின்றனர். எமது நாட்டிலும் பாடசாலைச் சிரமதானங்கள் உண்டெனினும், மலசலகூடத்தைத் துப்புரவு செய்வது வேறு யாரோ ஒருவருக்குரிய தொழில் என்ற எண்ணம் எம்மவர் மனதில் ஆழப் பதிந்துள்ளது. துப்புரவை ஒரு சாதிக்கோ வகுப்புக்கோ உரிய இழிதொழிலாகக் கருதாது, சகலருக்குமுரிய கடமையாகப் பிள்ளைப் பருவத்திலேயே பழக்கிவிட்டமைதான் உதைபந்தாட்ட அரங்கில் நாம் கண்ட காட்சியின் இரகசியமாகும்.

பிறர்க்குத் தொல்லை தராமை

ஜப்பானியரின் அன்றாட விதிகள் எண்ணற்றவை. அவற்றை ஒவ்வொன்றாக மனனம் செய்வது இயலாத காரியம். ஆயினும் பெரும்பாலானவற்றை இரண்டு அடிப்படைக் கருத்துகளின் துணைகொண்டு விளங்கிக் கொள்ளலாம்.

அவற்றுள் முதலாவது 'மெய்வக்கு' எனப்படுவது. பிறர்க்கு ஏற்படும் தொல்லை அல்லது இடைஞ்சல் என்பது அதன் பொருள். "பிறர்க்கு மெய்வக்கு தராதே" என்பது ஜப்பானியத் தாய்மார் பிள்ளைகளுக்கு இடைவிடாது கூறும் அறிவுரை. இரண்டாவது உள், வெளி என்ற பாகுபாடு. குடும்பம், தொழிலகம், தன் குழு ஆகியவை 'உச்சி' எனப்படும் உள்வட்டம். ஏனையோர் 'சோதோ' எனப்படும் வெளிவட்டம். ஒருவர் எவ்வாறு பேச வேண்டும், எந்த அளவுக்குத் தலைதாழ்த்த வேண்டும், எதனைச் சொல்லாது விட வேண்டும் என்பனவெல்லாம் எதிரில் இருப்பவர் எந்த வட்டத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகின்றன.

இக்கருத்துகளின் வேர்கள் பழைமையானவை. நெல் வயலுக்கான நீரைப் பகிர்ந்துகொள்ளும் கிராமத்தில் தனித்து வாழ்தல் இயலாது. 1603 முதல் 1868 வரையான எடோ காலத்தில் ஐந்து குடும்பங்களை ஒரு குழுவாக இணைத்து, ஒருவரின் வரிப்பாக்கிக்கும் குற்றத்துக்கும் அனைவரையும் பொறுப்பாக்கும் முறை நிலவியது. விதியை மீறிய குடும்பத்தைக் கிராமம் ஒதுக்கிவைத்தது. பத்து வகையான கூட்டுறவுகளில் தீயணைத்தல், சாவீடு ஆகிய இரண்டைத் தவிர்த்து ஏனைய எட்டிலும் அக்குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை என 'முராஹச்சிபு' என்ற சொல்லுக்கு விளக்கம் கூறுவர். ஜப்பானிய ஒழுங்கின் பின்னால் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு என்பதை இச்சொல் காட்டுகின்றது.

வீட்டு வாசலும் குளியலறையும்

வெளியிலிருந்து உள்ளே செல்வது வெறுமனே கதவைத் தாண்டுவதல்ல. ஜப்பானிய வீட்டின் நுழைவிடம் 'கென்கான்' எனப்படும். அதன் தரை வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்திருக்கும். சப்பாத்துகளை அங்கே கழற்றி, அவற்றின் முன்பக்கம் வாசலை நோக்குமாறு திருப்பி வைத்துவிட்டே மேலேற வேண்டும். உள்ளே அணியும் செருப்பு வேறு, மலசலகூடத்துக்கான செருப்பு வேறு. கோரைப்புல் பாய் விரித்த 'தத்தாமி' அறைக்குள் எந்தச் செருப்பும் ஆகாது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் வீட்டிலும் காலணியைக் கழற்றிப் பழகிய எமக்கு இது கடினமானதல்ல. மலசலகூடச் செருப்புடன் அறைக்குள் வந்துவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

குளிக்கும் தொட்டி அழுக்குப் போக்குவதற்கானதல்ல. வெளியே அமர்ந்து சவர்க்காரமிட்டு முற்றாகக் கழுவிய பின்னரே வெந்நீரில் இறங்க வேண்டும். ஏனெனில் அதே நீரை வீட்டிலுள்ள அனைவரும் பயன்படுத்துவர். வெந்நீர் ஊற்றுகளிலும் இதுவே விதி. அங்கு ஆடையின்றியே நீராடுவர் என்பதால் எமது வாசகர் பலருக்கு, குறிப்பாக முஸ்லிம்களுக்கு, அது ஏற்புடையதாகாது. பல விடுதிகளில் குடும்பத்துக்கெனத் தனியே ஒதுக்கித்தரும் குளியலறைகள் உள்ளன. அதனைக் கேட்டுப் பெறுவதில் அவமதிப்பு எதுவுமில்லை.

தலைதாழ்த்தி முகமன் கூறுவதும் அவ்வாறே. நிறுவனப் பயிற்சிகளில் 15, 30, 45 பாகை என மூன்று அளவுகள் கற்பிக்கப்படுகின்றன. வழியில் காணும் சக ஊழியருக்கு முதலாவதும், வாடிக்கையாளருக்கு இரண்டாவதும், ஆழ்ந்த நன்றிக்கும் மன்னிப்புக்கும் மூன்றாவதும் உரியவை. இது வழிபாடல்ல, முகமன் மாத்திரமே. வெளிநாட்டவர் சற்றே தலையைத் தாழ்த்தினாலும் போதுமானது. கைகுலுக்கல் கட்டாயமில்லை என்பதால், மாற்றுப் பாலினத்தவரைத் தொடுவதைத் தவிர்ப்போருக்கு இம்முறை வசதியானது என்றே கூறலாம்.

உணவு மேசையில்

உணவுக் குச்சிகள் தொடர்பான தடைகள் பலவெனினும் அவற்றுள் இரண்டு முக்கியமானவை. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தலாகாது. ஒருவர் குச்சியிலிருந்து மற்றொருவர் குச்சிக்கு உணவை நேரடியாகக் கைமாற்றலாகாது. முதலாவது, இறந்தவரின் தலைமாட்டில் வைக்கப்படும் சோற்றை நினைவூட்டுவது. இரண்டாவது, தகனத்தின் பின் உறவினர்கள் குச்சிகளால் எலும்புகளை எடுத்துப் பேழையில் இடும் சடங்கை நினைவூட்டுவது. வாய்க்கரிசியும் காடாற்றும் அறிந்த எமது மக்களுக்கு, சாவீட்டுச் செயலை விருந்தில் செய்வது எத்துணை அபசகுனம் என்பதை விளக்கத் தேவையில்லை. நான்கு என்ற எண்ணின் ஓர் உச்சரிப்பு மரணத்தையும், ஒன்பதின் ஓர் உச்சரிப்பு துன்பத்தையும் குறிப்பதால் அன்பளிப்புகளில் அவ்வெண்ணிக்கைகள் தவிர்க்கப்படுகின்றன. திருமணத்துக்குப் புதிய பணத்தாள்களையே கொடுப்பர். சாவீட்டுக்குப் புதிய தாள் கொடுப்பதில்லை. மரணத்தை எதிர்பார்த்துப் பணம் ஆயத்தம் செய்ததாக அது பொருள்படும் என்பதே காரணம்.

சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி உண்பதும், நூடில்ஸை ஓசையெழ உறிஞ்சுவதும் அங்கே குற்றமல்ல. உணவகத்தில் சன்மானம் வைப்பதுதான் வழக்கமற்றது. மேசையில் விட்டுச்சென்ற பணத்தை, மறந்து விட்டதாகக் கருதி ஊழியர் பின்னால் ஓடிவந்து கொடுப்பதும் உண்டு.

உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய விடயம் வேறொன்றாகும். மரக்கறிச் சாறு போலத் தோன்றும் பலவற்றின் அடிப்படை 'கட்சுவோபுஷி' எனப்படும் உலர்த்திய சூரை மீனாகும். எமது சமையலில் பயன்படும் மாசியின் உறவினன் எனலாம். எனவே 'இறைச்சி இல்லை' என்று சொன்னதை மாத்திரம் நம்பிச் சைவ உணவினர் உண்டுவிட முடியாது. இனிப்புச் சுவைக்குச் சேர்க்கப்படும் 'மிரின்' மதுவகையைச் சேர்ந்தது. நூடில்ஸ் சாறுகள் பல பன்றியெலும்பில் தயாரிக்கப்படுகின்றன. உண்ணாத பொருளின் பெயரைத் தெளிவாகக் குறிப்பிட்டு முன்கூட்டியே தெரிவிப்பதே மரியாதை. பரிமாறிய பின் மறுப்பதுதான் மனதைப் புண்படுத்தும். அதுபோலவே அலுவலக விருந்துகளில் ஒருவர் மற்றவரின் கிண்ணத்தை நிரப்புவது வழக்கம். மது அருந்தாதவர் தேநீரால் தமது கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு பிறர்க்குரிய உபசாரத்தில் கலந்துகொள்ளலாம்.

புகையிரதமும் குப்பையும்

புகையிரதத்தில் கையடக்கத் தொலைபேசி ஒலியெழுப்பலாகாது, அதில் உரையாடலாகாது. முதுகுப் பையை முன்புறமாக அணிய வேண்டும். இறங்குவோருக்கு வழிவிட்டு இருபுறமும் வரிசையில் நிற்க வேண்டும். 2017 நவம்பரில் டோக்கியோவை அண்மித்த தனியார் பாதையொன்றில் புகையிரதம் 20 விநாடிகள் முன்னதாகப் புறப்பட்டமைக்கு நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. புகையிரதம் தாமதமானால், தொழிலகத்தில் காட்டுவதற்குப் பயணிகளுக்குச் சான்றுத் துண்டும் வழங்கப்படுகின்றது. நேரம் என்பது பிறருடைய சொத்து, அதனை வீணாக்குவது களவுக்கு ஒப்பானது என்ற எண்ணமே இதன் அடிப்படை.

எழுதப்படாத விதி சட்டத்தைவிட வலுவானது என்பதற்கு நகரும் படிக்கட்டு ஓர் உதாரணமாகும். டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பர், அவசரமாகச் செல்வோருக்கு வலப்பக்கத்தை விடுவர். ஒசாக்காவில் இது மறுதலையானது. இவ்வாறு நடந்து செல்வது விபத்துக்கு வழிவகுக்கின்றது என்பதனால் 2021 ஒக்டோபரில் சைத்தாமா மாகாணமும், 2023 ஒக்டோபரில் நகோயா நகரமும், நின்றவாறே பயணிக்க வேண்டுமெனச் சட்டவிதி இயற்றின. சட்டம் வந்த பின்னரும் பழைய வழக்கத்தைக் கைவிடுவது எளிதாக இல்லை.

வெளிநாட்டவர்க்கும் அயலவர்க்கும் இடையே மனத்தாங்கலைத் தோற்றுவிப்பவற்றுள் முதலிடம் பெறுவது குப்பையாகும். எரிக்கத்தக்கது, எரிக்கத்தகாதது, போத்தல், தகரம், பிளாஸ்டிக், காகிதம் எனப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய நாளில், அதற்குரிய பையில், காலையில் குறித்த நேரத்துக்கு முன் வைக்க வேண்டும். விதிகள் நகரத்துக்கு நகரம் வேறுபடும். 2003 இல் 'குப்பையற்ற ஊர்' எனப் பிரகடனம் செய்த தொகுஷிமா மாகாணத்தின் கமிகட்சு என்ற சிறிய ஊரில் குப்பை நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கப்படுகின்றது. தவறாக வைக்கப்பட்ட பை, அறிவித்தல் ஒட்டப்பட்டு அவ்விடத்திலேயே விடப்படும். யாரும் வந்து சண்டையிடமாட்டார்கள். ஆனால், அந்தப் பை யாருடையது என்பதை அயலவர் அனைவரும் அறிவர். குடிபுகுந்த முதல் நாளிலேயே பிரதேச நிர்வாகத்தின் குப்பை நாட்காட்டியைக் கேட்டுப் பெறுவது, அயலவரிடம் நற்பெயர் பெறுவதற்கான சிறந்த முதற்படியாகும்.

இன்னுமொரு விடயத்தையும் கூறவேண்டும். இலங்கைக்கும் ஜப்பானுக்கும் இடையே மூன்றரை மணிநேர வித்தியாசம் உண்டு. இங்கே இரவுணவு முடிந்து ஒன்பது மணிக்குப் பிள்ளையுடன் பேச வீட்டார் அழைக்கும்போது அங்கே நள்ளிரவு கடந்து அரைமணியாகிவிடும். மெல்லிய சுவர்களைக் கொண்ட தொடர்மாடி வீட்டில், மகிழ்ச்சியில் உயரும் குரல் பக்கத்து வீட்டாரின் உறக்கத்தைக் கலைக்கும். எமக்குப் பாசமாகத் தோன்றுவது அவர்களுக்கு மெய்வக்கு ஆகின்றது. இதனை இங்குள்ள பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

சொல்லும் சொல்லாததும்

மொழியில்தான் நுட்பம் அதிகம். ஜப்பானிய மரியாதை மொழியில், எதிரில் இருப்பவரை உயர்த்தும் சொற்கள், தன்னைத் தாழ்த்தும் சொற்கள், பொதுவான பணிவுச் சொற்கள் என வகைகள் உண்டு. பெயருடன் 'சான்' சேர்த்து அழைப்பது பொதுவழக்கு. தன் பெயருடன் அதனைச் சேர்ப்பது நகைப்புக்கிடமானது. 'நீ', 'நீர்', 'நீங்கள்' எனப் படிகளைக் கொண்ட தமிழைப் பேசும் எமக்கு மரியாதைப் படிகள் புதியவையல்ல. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. எமது பணிப்பாளரைப் பற்றி வெளியார் எவரிடமும் 'அவர் வருகின்றார்' என்றே நாம் கூறுவோம். ஜப்பானியர் தமது நிறுவனத் தலைவரைப் பற்றி வெளியாரிடம் பேசும்போது 'சான்' சேர்க்காது வெறும் பெயரால், பணிவுச் சொற்களில் குறிப்பிடுவர். அந்நேரத்தில் தலைவரும் உள்வட்டத்தைச் சேர்ந்தவர், வெளியாரின் முன் தாழ்த்தப்பட வேண்டியவர்.

'ஹொன்னே' என்பது மனதிலுள்ள உண்மை. 'தத்தெமாயே' என்பது சபையில் உரைக்கும் சொல். இதனை இரட்டை வேடம் என்று கூறிவிட முடியாது. எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்தாத பேச்சு என்றே அவர்கள் கருதுகின்றனர். நேரடியாக 'இல்லை' எனக் கூறுவது அரிது. 'சற்று...' எனப் பொருள்படும் 'ச்சொட்டோ' என்ற சொல்லைக் கூறி இழுத்து நிறுத்தினால் அது மறுப்பு. 'பரிசீலிப்போம்' என்றால் பெரும்பாலும் நடக்காது. 'ஹாய்' என அடிக்கடி கூறுவது 'கேட்டுக்கொண்டிருக்கின்றேன்' என்பதற்காகவே, 'உடன்படுகின்றேன்' என்பதற்காக அல்ல. 'சுமிமாசென்' என்ற ஒரே சொல் மன்னிப்புக்கும் நன்றிக்கும் பயன்படுகின்றது. எனக்காக நீங்கள் சிரமப்பட்டீர்களே என்பது அதன் உட்கருத்து.

தொழிலகத்தில் இவ்வழக்கு மாறுகின்றது. அறிக்கையிடல், தகவல் தருதல், ஆலோசனை கேட்டல் ஆகிய மூன்றின் முதலெழுத்துகளையும் சேர்த்து 'ஹோரென்சோ' எனப் புதிய ஊழியர்க்குப் போதிப்பர். ஒரு கீரையின் பெயரும் அதுவே என்பதால் மறப்பது கடினம். தவறு நிகழ்ந்தால் உடனே சொல்ல வேண்டும். விளங்காவிட்டால் கேட்க வேண்டும். விளங்காததற்கும் தலையாட்டிவிட்டுப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் எனக் கருதும் எம்மவர் பழக்கமே அங்கே கடுமையாகக் கண்டிக்கப்படுகின்றது. ஏனெனில் மறைக்கப்பட்ட தவறு முழுக் குழுவுக்கும் தொல்லையாகின்றது.

ஒழுங்கின் விலை

இவையனைத்தும் பாராட்டத்தக்கவையே. ஆயினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். சொல்லாமலே சூழலை உணர்ந்து நடப்பதை 'காற்றைப் படித்தல்' என ஜப்பானியர் குறிப்பிடுவர். அது தெரியாதவரைக் கேலி செய்யும் சுருக்கச் சொல்லொன்று 2007 இல் அந்நாடெங்கும் பரவியது. அனைவரும் காற்றைப் படிக்க வேண்டிய சமூகத்தில் மாறுபட்டு நிற்பவரின் நிலை கடினமானது.

ஒசாக்கா மாகாணத்தின் உயர்தரப் பாடசாலையொன்றில் கபில நிறக் கூந்தலைக் கறுப்பாக்குமாறு மீண்டும் மீண்டும் பணிக்கப்பட்ட மாணவியொருவர், தமது கூந்தல் இயற்கையிலேயே கபில நிறமானது எனக் கூறி 2017 இல் வழக்குத் தொடர்ந்தார். மன உளைச்சலால் அவர் பாடசாலைக்கே செல்ல முடியாதவரானார். பாடசாலை அவரை நடத்திய விதத்துக்காக 2021 இல் மாவட்ட நீதிமன்றம் 3 இலட்சத்து 30 ஆயிரம் யென் நட்டஈடு வழங்கப் பணித்தது. எனினும் கூந்தல் நிறம் பற்றிய விதியைச் சட்டவிரோதமெனக் கொள்ளவில்லை. டோக்கியோ நகர அரசின் பாடசாலைகளில் இத்தகைய விதிகள் 2022 ஏப்ரலில்தான் நீக்கப்பட்டன.

மேலதிகாரி புறப்படுமுன் தான் புறப்படலாகாது என்ற எழுதப்படாத விதி உயிர்களையே பலிகொண்டுள்ளது. அளவுக்கு மீறிய வேலையால் நிகழும் மரணத்தைக் குறிக்கும் 'கரோஷி' என்ற ஜப்பானியச் சொல் இன்று உலகெங்கும் அறியப்பட்டதாகும். 2014 இல் அதனைத் தடுப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2018 இல் நிறைவேற்றப்பட்ட தொழில் சீர்திருத்தச் சட்டம், மேலதிக வேலையைப் பொதுவாக மாதத்துக்கு 45 மணித்தியாலம், ஆண்டுக்கு 360 மணித்தியாலம் என வரையறுத்தது.

வேறுபட்ட நம்பிக்கைகளை உடையோருக்கும் இடர்ப்பாடு உண்டு. ஜப்பானில் நூற்றுக்குத் 99 பேருக்கும் மேலானோர் தகனம் செய்யப்படுகின்றனர். 1935 இலேயே கோபே நகரில் பள்ளிவாசல் அமைந்த நாடெனினும், முஸ்லிம்களுக்கான மையவாடிகள் மிகச் சிலவே உள்ளன. ஒயிட்டா மாகாணத்தின் ஹிஜி என்ற ஊரில் மையவாடி அமைக்கும் முயற்சி பல ஆண்டுகளாக இழுபட்டது. 2024 ஓகஸ்டில் நடைபெற்ற தேர்தலில் அதனை எதிர்த்தவரே ஊரின் முதல்வராகத் தெரிவானார். தகனக் கட்டாயத்தின் வேதனையைக் கொவிட் காலத்தில் அனுபவித்த இலங்கை முஸ்லிம்களுக்கு இதன் கனதியை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மரியாதையும் உரிமையும்

2021 மார்ச் 6 ஆம் திகதி, நகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் இலங்கைப் பெண்ணான விஷ்மா சந்தமாலி தமது 33 ஆவது வயதில் உயிரிழந்தார். நோயுற்றிருப்பதாக அவர் பலமுறை முறையிட்டும் உரிய சிகிச்சை கிட்டவில்லை. மருத்துவ ஏற்பாடுகளில் குறைபாடுகள் இருந்தமையை அவ்வாண்டு ஓகஸ்டில் வெளியான குடிவரவு நிர்வாகத்தின் அறிக்கையே ஏற்றுக்கொண்டது. 20 விநாடிகளுக்காக மன்னிப்புக் கேட்கும் நாட்டில் இதுவும் நிகழ்ந்தது. புன்னகையும் பணிவும் நிறைந்த இடத்தில் நீதியும் தானாகவே நிறைந்திருக்கும் என எண்ணிவிடக் கூடாது.

ஆகவே, அங்கு செல்வோர் இரண்டு வகை விதிகளைப் பிரித்தறிய வேண்டும் என நாம் கருதுகின்றோம். சப்பாத்தைத் திருப்பி வைத்தல், குப்பையைப் பிரித்தல், குரலைத் தாழ்த்தல் என்பன அயலவருக்கு நாம் செலுத்தும் மரியாதை. அவற்றை மனமுவந்து கைக்கொள்ளலாம். ஆனால் ஊதியமின்றி மேலதிக வேலை செய்தல், காயத்தை மறைத்தல், கடவுச்சீட்டை ஒப்படைத்தல் என்பன மரியாதைக்குரிய வழக்கங்களல்ல. தொழிலாளர் நியமச் சட்டத்தின் 3 ஆவது பிரிவு தேசிய இனத்தைக் காரணங்காட்டி வேலை நிபந்தனைகளில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கின்றது. தொழில்நுட்பப் பயிலுநரின் கடவுச்சீட்டைப் பறித்து வைப்பது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி தண்டனைக்குரியது. 'இங்கே இதுதான் வழக்கம்' என்று எவர் கூறினாலும், அது எந்த வகை விதி என்பதை வினவும் துணிவு வேண்டும். தொழிலாளர் நியமக் கண்காணிப்பு அலுவலகங்களில் முறையிடுவது நன்றி மறத்தலாகாது.

2024 ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் தொகை 37 இலட்சத்தைத் தாண்டியது. முதுமையடைந்துவரும் அச்சமூகத்துக்கு வெளியிலிருந்து வரும் கரங்கள் தேவைப்படுகின்றன. சொல்லாமலே உணரவேண்டிய விதிகளை இனி அவர்களும் வாய்திறந்து சொல்ல வேண்டியுள்ளது. பல நகரங்கள் குப்பை விதிகளைப் பல மொழிகளில் அச்சிட்டு வழங்குவது அதன் ஆரம்பமே. இங்கே வேலைவாய்ப்பு முகவர்களும் பயிற்சி நிலையங்களும் மொழிப் பரீட்சைக்கு மாத்திரம் ஆயத்தப்படுத்தி ஆட்களை அனுப்பிவிடாது, இவ்வழக்கங்களின் காரணங்களையும் தொழிலாளரின் உரிமைகளையும் தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்க முன்வர வேண்டும்.

இங்கு இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒழுங்கு பயிற்சியினால் வருவது என்றால் எமது பிள்ளைகளாலும் அதனைப் பயில முடியும். வகுப்பறையைக் கூட்டும் தும்புத்தடியையும் மலசலகூடத்தைக் கழுவும் வாளியையும், சாதியும் வகுப்பும் பாராது சகல மாணவரின் கைகளிலும் கொடுக்க எமது பாடசாலைகளும் பெற்றோரும் ஆயத்தமா என்பதே இன்று எம்முன் உள்ள கேள்வியாகும்.